லாக்ஸ்டன்: வயலுக்கென்று ஒரு நீதிமன்றம்

கேள்வி: இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களையும் மாளிகைகளையும் பாதுகாப்பது போல, பழைய வேளாண்மை முறையைப் பாதுகாத்து வரும் கிராமம் உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூரைச் சொல்ல வேண்டும். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஊர் நிலம் வேலியில்லாத பெருவயல்களாக இருந்தது. ஒவ்வொரு குடியானவனுக்கும் அவ்வயல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட நிலத்துண்டுகள் இருந்தன. நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைத்தன. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு நிலவுடைமையாளர்கள் இவ்வயல்களை ஒன்றுசேர்த்து வேலியிட்டதால், பொதுமேய்ச்சலை நம்பியிருந்த ஏழைகள் பலர் வாழ்வாதாரம் இழந்தனர். லாக்ஸ்டனில் மட்டும் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் ஆகிய மூன்றும் அளவில் சுருங்கினாலும் இன்றும் உழப்படுகின்றன. 1635-இல் மார்க் பியர்ஸ் என்பவர் இவ்வூரை அளந்து, துண்டு துண்டாக வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

கேள்வி: வேலியே இல்லாவிட்டால் எல்லைத் தகராறு வராதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வரும் என்பதை அறிந்தே அதற்கொரு நீதிமன்றத்தை வைத்திருக்கிறார்கள். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் முறை மாறும். நவம்பர் இறுதியில், கோதுமை விதைத்த வயலை ஊர் விவசாயிகளைக் கொண்ட நடுவர் குழு நடந்தே சுற்றிப் பார்த்து, எல்லை மங்கிய இடங்களில் முளையடிக்கிறது. பொதுப்பாதையையோ, உழாமல் விட வேண்டிய புல்வெளியையோ யாரேனும் ஏர் கொண்டு அரித்திருந்தால், அடுத்த வாரம் ஊர் மதுவிடுதியில் கூடும் ‘கோர்ட் லீட்’ என்னும் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதிக்கிறது. அபராதத் தொகை சிறிதுதான். ஆனால் தன் உழவைப் பக்கத்து நிலத்துக்காரரே பார்த்துத் தீர்ப்புச் சொல்வார் என்ற எண்ணம்தான், என் கருத்தில், இந்த ஏற்பாட்டுக்கு உயிர் தருகிறது. வயலை மட்டும் காட்சிப்பொருளாக வைத்துவிட்டு இந்த மன்றத்தைக் கலைத்திருந்தால் லாக்ஸ்டன் எப்போதோ அழிந்திருக்கும்.

நிலவுடைமை பலமுறை கைமாறியது. மேன்வர்ஸ் பிரபு 1952-இல் வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார்; 1981-இல் அது அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டிடம் சென்றது; 2020-இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய பண்ணையான தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பியது. இத்தனை மாற்றங்களிலும் மூன்று வயல்களும் அவற்றுக்கான நீதிமன்றமும் கலைக்கப்படவில்லை.