பொங்கலுக்கு வந்த சளி

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. அருப்புக்கோட்டையில் தனியாக இருக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எலும்பு மருத்துவர் ஒருவர் டிரமடால் 50 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். பழைய சீட்டுக்கு ஊர் மருந்துக்கடையில் தர மறுக்கிறார்கள். அதனால் சென்னையில் எனக்குத் தெரிந்த கடையில் வாங்கி மாதந்தோறும் கூரியரில் அனுப்புகிறேன். வலி தாங்கவில்லை என்று சொன்னதால் ஓர் ஆண்டாக நாளுக்கு நான்காக அனுப்புகிறேன்; இப்போது அதுவும் போதவில்லை என்கிறார். இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலம் சாப்பிடுகிறார். இந்தப் பொங்கலுக்கு என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. விடுமுறையால் பார்சலும் ஐந்து நாள் தாமதம். பாவம், அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குச் சளி, வயிற்றுப்போக்கு வேறு. பார்சல் கிடைத்த மறுநாளே தேறிவிட்டார். ‘அத்தை மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார்’ என்கிறாள் என் மனைவி. சொன்னால் சண்டை வரும். அம்மாவுக்குத் தெரியாமல் அதே போன்ற சத்து மாத்திரையை மாற்றி அனுப்பிவிடலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். ‘அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குச் சளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். சளி நேரம் பார்த்து வருமா? மாத்திரை நின்றதும் வந்து, பார்சல் பிரித்த மறுநாளே போகுமா? எழுதும்போது உங்கள் கை ஒரு நொடியாவது நின்றிருக்க வேண்டாமா?

டிரமடால் ஓபியாய்டு இனத்தை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலிமருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது. மார்ஃபினுக்குத் தூரத்து உறவு. மூன்று ஆண்டுகள் தினமும் அதை வாங்கிப் பழகிய உடம்புக்குத் திடீரென்று கிடைக்காமல் போனால் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கொட்டாவி ஓயாது, வியர்த்துக் கொட்டும், வயிறு பிடுங்கிக்கொண்டு போகும். கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாது. தூக்கம் கிட்டவே வராது. இருக்கிற மூட்டுவலியும் கூடிவிடும். பண்டிகை நாளில், பிள்ளையும் வராத வீட்டில், தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாமல் உங்கள் அம்மா ஐந்து நாள் பட்ட பாடு இதுதான் என்று நினைக்கிறேன். அதே பாட்டைச் சத்து மாத்திரை வைத்து, இந்த முறை தெரிந்தே, மறுபடியும் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

கூடாது. ஒரு நாளும் கூடாது. இப்படித் திடீரென்று நிறுத்தப்பட்டவர்கள் தாங்க முடியாத வலியிலும் மனச்சோர்விலும் விழுந்து, சிலர் தற்கொலை வரை போனதைப் பார்த்துத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ல் தனி எச்சரிக்கையே விடுத்தது. ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே பலருக்குத் தாங்கும் என்று அந்த நாட்டின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. குறைப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும். குறைப்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றவளின் வாயில் போவதை அவளுக்குத் தெரியாமல் மாற்றுகிற உரிமை எந்த மகனுக்கும் கிடையாது.

உங்கள் மனைவி சொன்ன ‘அடிமை’ என்ற சொல்லை இன்றோடு வீட்டில் நிறுத்திவிடுங்கள். சீட்டில் எழுதியதைச் சாப்பிட்டார். பிறகு மகன் அனுப்பியதைச் சாப்பிட்டார். இந்த மருந்தை நீங்கள் சாப்பிட்டாலும் நான் சாப்பிட்டாலும் உடம்பு பழகத்தான் செய்யும். மருந்து ஒன்றையே நினைத்து, அதற்காகப் பொய் சொல்லி, மற்ற எல்லாவற்றையும் கைவிடுகிற நிலை வேறு. அது இருக்கிறதா என்று நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்து, இரண்டை நான்காக்கிய மருத்துவர் யார்? கடிதத்தில் தேடினேன், ஒருவரும் இல்லை. நீங்கள்தான் ஆக்கினீர்கள். டிரமடால் 2018லிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்கு முன்பே அது எச்1 பட்டியலில் இருந்தது. அதாவது யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அருப்புக்கோட்டைக் கடைக்காரர் தர மறுத்தாரே, உங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காவலை அவர் செய்தார். நீங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடினீர்கள்.

நான்கும் போதவில்லை என்கிறார் அம்மா, நடிக்கவில்லை. பழகப் பழக இந்த மருந்தின் பிடி தளரும். சிலருக்கு அதற்கும் மேலே போய், மருந்தே வலியைக் கூர்மையாக்கிவிடும். இதைவிட வலுவான மார்ஃபின் இன மருந்துகளை முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. மொத்தம் 240 பேர். பாராசிட்டமால், வீக்கம் தணிக்கும் மாத்திரைகள் என்று தொடங்கிய மறுபாதியினரைவிட அவர்கள் ஒன்றும் நன்றாக நடந்துவிடவில்லை. வலி சற்றுக் கூடுதலாகவே இருந்தது, பக்க விளைவுகளும் அதிகம்.

கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்தத் தூக்க மாத்திரை. ஓபியாய்டும் அல்பிரசோலமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகலாம். இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும்போது தலைசுற்றி விழலாம். என் சித்தி அப்படித்தான் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது, அதன்பின் அவர் வாசல்படி தாண்டவில்லை. அவருக்கு அருகில் ஆள் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? எதிர்வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்: எழுப்பியும் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது என்றால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். இதற்காகத் தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்தவும் மருத்துவர் வேண்டும்.

முழங்காலுக்கு வருகிறேன். தொடையின் முன்தசை பலப்பட்டால் மூட்டின் சுமை குறையும். அதற்கான பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும், முதல் சில வாரங்கள் பக்கத்தில் ஆள் இருந்து செய்யவைக்க வேண்டும். எடை அதிகமிருந்தால் கொஞ்சம் குறைந்தாலும் கால் உணரும். மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு பலருக்கு உதவுகிறது. 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். எலும்பு மருத்துவர் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று சொன்னால், இந்த மாத்திரை எத்தனை நாளாக, எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு அறுவைக்குப் பின் வலியை அடக்குவது கடினம்.

சண்டை வரும் என்று பயப்படுகிறீர்கள். வரட்டும், தம்பி. மூன்று ஆண்டாக அம்மாவின் வலி உங்களுக்குப் போனில் வருகிற ஒரு குரல், அவருக்கு நீங்கள் மாதத்துக்கொரு பார்சல். பணம் அனுப்புவதும் மருந்து அனுப்புவதும் வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் படியிறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று தெரியுமா? மருத்துவர் இதைத்தான் கேட்பார். கூரியர்காரர் பதில் சொல்ல மாட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுங்கள். திங்கட்கிழமைக்கும் விடுப்புச் சொல்லுங்கள். மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போக வேண்டும். அதுவரை அம்மாவின் மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது, கூடவும் கூடாது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு என்ன நடந்தது என்பதை அம்மாவே மருத்துவரிடம் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.