எஃப்2எஃப்எஸ்ஸில் டிஸ்கார்ட் ஏன் ஓடவில்லை? கேள்வி பதில்

மண்டபத்திலிருந்து: அண்ணே, ஐஸ் கம்பெனி கணக்குக்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். யூஎஸ்பி கார்டு ரீடரில் இருக்கும் மெமரி கார்டு எஃப்2எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் இருக்கு. அழித்த கோப்புகளின் இடம் காலி என்று கார்டுக்குச் சொல்லும் (இதைத்தான் டிஸ்கார்ட், ட்ரிம் என்பார்கள்) எஃப்எஸ்ட்ரிம் கட்டளையைக் கொடுத்தால், டிஸ்கார்ட் வசதி இல்லை என்கிறது. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்துக்கு மாறிவிடவா?

மாறாதீங்க தம்பி, அங்கேயும் இதே பதில்தான் வரும். எஃப்2எஃப்எஸ் ஃபிளாஷுக்கென்றே சாம்சங் எழுதியது, 2013-இல் லினக்ஸ் 3.8-லேயே வந்துவிட்டது, அதன் மேல் பழி போடாதீங்க. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் ஆப்ஷனோடு ஓட்டுங்க. அதில் டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் என்ற இரண்டு பத்திகளிலும் பூஜ்யம் இருந்தால் கட்டளை கார்டு வரைக்கும் போகவே இல்லை, ரீடரிலேயே நிற்கிறது. அதே கார்டைப் பையின் சொந்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் எண் வந்துவிடும்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, என் எஸ்எஸ்டி ட்ரிம் செய்யும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கு. யூஎஸ்பி கேஸில் மாட்டினால் மட்டும் பூஜ்யம்.

எஸ்எஸ்டிக்குப் புரிவது சாட்டா இணைப்பின் ட்ரிம் கட்டளை, யூஎஸ்பி வழியாக லினக்ஸ் அனுப்புவது ஸ்கஸி முறையின் அன்மேப் கட்டளை, நடுவில் கேஸுக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப்தான் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்க வேண்டும். சில சிப்புகளுக்கு அந்த வேலை தெரியும், ஆனால் தெரியும் என்று கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) சரியாகச் சொல்வதில்லை. எஸ்ஜி3-யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பை நிறுவி, அதிலுள்ள எஸ்ஜி-விபிடி கட்டளையில், டிஸ்க் தன் வசதியைச் சொல்லும் எல்பிபிவி பக்கத்தைப் பாருங்க. அன்மேப் வரியில் 1 இருந்தால், கெர்னல் அமைப்புகள் இருக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிஸ்கின் ப்ரொவிஷனிங்-மோடு கோப்பில் ‘அன்மேப்’ என்று எழுதினால் போதும். கழற்றி மாட்டினால் அது போய்விடும், அதனால் அப்புறம் டிவைஸ் மாட்டும்போதெல்லாம் தானாக ஓடும் யூடெவ் விதியாகப் போட்டு வைங்க. 0 இருந்தால் வலுக்கட்டாயமாக எழுதாதீங்க, டேட்டாவோடு விளையாட வேண்டாம், வேறு கேஸ் வாங்குங்க. 1 இருந்தாலும் பேக்கப் எடுத்த பிறகே முயற்சி செய்யுங்க.

தொண்டியிலிருந்து: சார், டிஸ்க் வரிசையில் எண் இருக்கு, என்க்ரிப்ட் செய்த லக்ஸ் வரிசையில் மட்டும் பூஜ்யம்.

அது பழுது இல்லைங்க. எந்த இடம் காலி என்று வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக லக்ஸுக்கு அடியில் வேலை செய்யும் டிஎம்-கிரிப்ட் தானே தடுத்து வைத்திருக்கிறது. அது பரவாயில்லை என்றால் கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்ட் சேருங்க.

ராமேஸ்வரத்திலிருந்து: அண்ணா, மவுண்ட் ஆப்ஷனில் டிஸ்கார்ட் போடணுமா, வாரம் ஒருமுறை ட்ரிம் போதுமா?

டிவைஸ் ஏற்றுக்கொண்டால் எஃப்2எஃப்எஸ்ஸில் டிஸ்கார்ட் தானாகவே ஆன்தாம்மா, சும்மா இருக்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். வேலை நடுவே இழுத்தால் மட்டும் நோடிஸ்கார்ட் போட்டு, வாராந்திர எஃப்எஸ்ட்ரிம் டைமரை ஆன் செய்யுங்க. ஒன்று மட்டும், தெரியாமல் போட்டோக்களை அழித்துவிடாதபடி கவனமா இருங்க. டிஸ்கார்ட் போய்ச் சேர்ந்த பிறகு ரெக்கவரி சாஃப்ட்வேரால் பெரும்பாலும் எதையும் மீட்க முடியாது.