12 கிரெடிட் எடுத்தும் உதவித்தொகை குறைந்தது ஏன்? பாடத் தேர்வும் அமெரிக்க நிதியுதவியும்: கேள்வி-பதில்

பாடம் பதிகிற சீசன் வந்தாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "ஃபாஃப்சா (அரசின் நிதியுதவிக்கான விண்ணப்பம்) சரியாகத்தான் போட்டோம், வருமானமும் மாறவில்லை, அப்புறம் ஏன் பணம் குறைந்தது?" ஃபாஃப்சாவில் பெரும்பாலும் ஒரு தவறும் இருக்காது. பிள்ளை என்ன பாடம் எடுத்தது, எதை விட்டது, எதைத் திரும்ப எடுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கும். கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த வருடங்களில் கலங்கிப்போய் வந்து நின்ற பிள்ளைகள் யாரும் சோம்பேறிகள் இல்லை. விதியை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் மாட்டிக்கொண்டவர்கள். அதனால்தான் இந்த முறை பாடத் தேர்வு பற்றிய கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் மூன்றாம் வருடம். இந்த செமஸ்டரில் 12 கிரெடிட் (பாடங்களின் அளவைச் சொல்லும் அலகு) பதிந்திருக்கிறாள், அதாவது முழுநேரம். ஆனால் பெல் கிராண்டில் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை) முக்கால்வாசிதான் வந்திருக்கிறது. கேட்டால் "9 கிரெடிட்தான் கணக்கு" என்கிறார்கள். மூன்று கிரெடிட் எங்கே போனது?

அந்த மூன்று கிரெடிட் அவள் பட்டத்துக்குத் தேவைப்படாத ஒரு பாடமாக இருக்கும். அரசின் நிதியுதவி, மாணவர் சேர்ந்திருக்கும் பட்டப்படிப்புக்குக் கணக்கில் சேரும் பாடங்களுக்கு மட்டும்தான். கல்லூரி அந்தப் பாடத்துக்குக் கட்டணம் வாங்கும், மார்க் ஷீட்டிலும் அது வரும், ஆனால் உதவிக்கான கணக்கில் அது இல்லை. முதல் இரண்டு வருடம் இது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அது பொதுப்பாடம், எலெக்டிவ் (விருப்பப்பாடம்) என்று ஏதாவது ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். மூன்றாம் வருடம் வரும்போது எலெக்டிவ் இடம் நிரம்பிவிடும், அப்போது ஆசைக்கு எடுத்த ஒரு போட்டோகிராஃபி வகுப்பு வெளியே நிற்கும்.

பணக் கணக்கு இப்படி: 2025-26 வருடத்தில் பெல் கிராண்டின் உச்சவரம்பு 7,395 டாலர். முழுத்தொகை பெறுபவருக்கு ஒரு செமஸ்டருக்குச் சுமார் 3,697. 2024-25 முதல் இது கிரெடிட்டுக்கு கிரெடிட் குறைகிறது: 11 என்றால் 92 சதவீதம், 10 என்றால் 83, 9 என்றால் 75. உங்கள் மகள் முழுத்தொகைக்குத் தகுதியானவள் என்றால் கையில் வந்தது சுமார் 2,773, அந்த ஒரு பாடத்தால் போனது 900 டாலருக்கு மேல்.

இன்றைக்கே அவளை டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் கல்லூரிப் பட்டியல்) திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடைசியில் ஒரு பெட்டி இருக்கும், எந்தத் தேவையிலும் பொருந்தாத பாடங்கள் என்று. இந்த செமஸ்டர் பாடம் ஏதாவது அங்கே விழுந்திருந்தால் அதுதான் காரணம். பாடம் மாற்றும் கெடு இன்னும் முடியவில்லை என்றால் தேவையான பாடம் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், கல்லூரி கணக்கை மூடும் தேதி தாண்டிவிட்டால் அதிகம் செய்வதற்கில்லை. சில நேரம் அட்வைசர் ஒரு பாடத்தை மாற்றாக ஒப்புக்கொண்டு சிஸ்டத்தில் ஏற்ற மறந்திருப்பார், அது சரியானால் பணமும் சரியாகும். அதையும் கேளுங்கள்.

என் மகன் கெமிஸ்ட்ரியில் சி வாங்கிவிட்டான். மெடிசின் போக ஆசை, அதனால் திரும்ப எடுத்து கிரேடை உயர்த்தப் போகிறான். அதற்கும் உதவி உண்டா?

ஒரு முறை உண்டு. தேறாத பாடத்தைத் தேறும் வரை திரும்ப எடுக்கலாம், அது கணக்கில் வரும். தேறிய பாடத்தை, கிரேடு பிடிக்கவில்லை என்பதற்காக, ஒரே ஒரு முறைதான் கணக்கில் சேர்த்துத் திரும்ப எடுக்கலாம். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: அந்த இரண்டாவது முறையில் அவன் தவறிவிட்டால்கூட வாய்ப்பு முடிந்தது, மூன்றாவது முறைக்கு உதவி கிடையாது. பட்டத்துக்குச் சி போதாது என்று கல்லூரியே சொன்னாலும் இதே விதிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான எம்.டி. (மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இரண்டு முயற்சிகளின் கிரேடும் சேர்த்தே கணக்கிடப்படும், பழைய சி மறையாது. அதனால் அடிப்படை நிஜமாகவே பலவீனம் என்றால் திரும்ப எடுக்கட்டும், வெறும் கிரேடுக்காக என்றால் அடுத்த நிலைப் பாடத்தில் ஏ வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

நான்கு பாடத்தில் இரண்டு சரியாகப் போகவில்லை. விட்டுவிடலாமா? ஒரு நண்பன் மொத்த செமஸ்டரையும் விட்டுவிடு, ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) தப்பிக்கும் என்கிறான்.

தம்பி, நண்பன் சொன்னதை இன்றைக்குச் செய்யாதே. முதலில் காலண்டரை எடு.

எல்லாப் பாடத்தையும் விட்டால், செமஸ்டர் நாட்களில் எத்தனை சதவீதம் படித்தாயோ அத்தனை சதவீத உதவிதான் உன்னுடையது. 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுவதும் உன்னுடையது. ஒரு கணக்குப் போட்டுப் பார்: 110 நாள் செமஸ்டர், 33ஆம் நாள் விடுகிறாய், அது 30 சதவீதம். உனக்கு 5,000 டாலர் உதவி வந்திருந்தால் 1,500தான் உன்னுடையது, மிச்சம் 3,500 உன்னுடையது இல்லை. அதில் தன் பங்கைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கட்டணத்தில் விழுந்த ஓட்டைக்கு உன்னிடம் பில் போடும். அந்த பில் கட்டாததால் அடுத்த செமஸ்டருக்குப் பதிய முடியாமல் நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்துவது இன்னும் மோசம். எல்லாவற்றிலும் எஃப் விழுந்தால், நீ வகுப்பில் இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கல்லூரி தேடும், இல்லையென்றால் பாதி செமஸ்டர்தான் படித்ததாகக் கணக்கு வைக்கலாம்.

இரண்டை மட்டும் விடுவது வேறு. கெடுவுக்கு முன் டிராப் செய்தால் கிரெடிட் எண்ணிக்கையே குறையும், பெல் கிராண்ட் அதற்கேற்ப இறங்கும், 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் லோன் நிற்கும். கெடுவுக்குப் பிறகு வித்டிரா செய்தால் வந்த கிராண்டைப் பொதுவாகத் தொட மாட்டார்கள், ஆனால் மார்க் ஷீட்டில் டபிள்யூ (பாடத்தை விட்டதற்கான குறி) பதிவாகும். ஜிபிஏவில் அது ஏறாது, ஆனால் எடுத்த கிரெடிட்டில் எத்தனை முடித்தாய் என்ற கணக்கில் முடிக்காதது என்று ஏறும். பெரும்பாலான கல்லூரிகளில் அந்த விகிதம் 67 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இதுவரை 30 எடுத்து 27 முடித்திருக்கிறாய் என்று வை. இந்த 12இல் 6 மட்டும் முடித்தால் 42க்கு 33, அதாவது சுமார் 79 சதவீதம், பயமில்லை. முதல் செமஸ்டர் மாணவன் என்றால் 12க்கு 6, பாதிதான். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது, உன் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடு.

மாநில உதவித்தொகை இருந்தால் அதன் விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸில் வித்டிரா செய்த பாடத்துக்கான தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து எகனாமிக்ஸுக்கு மாற நினைக்கிறாள் மகள். ஐந்து செமஸ்டர் முடிந்துவிட்டது. உதவி நின்றுவிடுமா?

மாறியதால் மட்டும் நிற்காது. பார்க்க வேண்டியது உச்சவரம்பு: பட்டத்தின் நீளத்தில் ஒன்றரை மடங்கு. 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 வரை எடுக்கலாம், தவறியது, விட்டது, திரும்ப எடுத்தது, வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவந்தது எல்லாம் சேர்த்து. 180ஐத் தொடும் வரை காத்திருக்கவும் மாட்டார்கள், இனி அதற்குள் முடிக்க முடியாது என்று தெரிந்த அன்றே நிறுத்துவார்கள். 75 கிரெடிட் எடுத்திருந்து, எகனாமிக்ஸுக்கு இன்னும் 70 தேவை என்றால் 145, நிம்மதியாக மாறலாம். சில கல்லூரிகள் புது மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) பொருந்தும் பாடங்களை மட்டும் எண்ணும், அங்கே இன்னும் வசதி. பெல் கிராண்டுக்கு மட்டும் வாழ்நாள் வரம்பு ஒன்று தனியாக உண்டு: முழுநேரக் கணக்கில் 12 செமஸ்டர்.

மாறுகிறாள் என்றால் சீக்கிரம் மாறட்டும், அதிகாரபூர்வமாக. எகனாமிக்ஸ் பாடங்களை எடுத்துக்கொண்டு பதிவில் மட்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று விட்டுவைத்தால், மேலே முதல் கேள்வியில் சொன்ன சிக்கல்தான் வரும்.

மைனர் (துணைப்பாடம்) எடுத்தால்?

எலெக்டிவ் இடத்துக்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. பட்டம் கேட்காத மைனருக்காகக் கூடுதலாக எடுக்கும் பாடங்களுக்கு அரசு உதவி வராது.

கடைசி செமஸ்டர், பட்டத்துக்கு 5 கிரெடிட்தான் பாக்கி. லோனுக்குக் குறைந்தது 6 வேண்டுமாமே, சும்மா ஒரு யோகா வகுப்பு சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், கணக்கில் வராது. 5 என்றால் லோன் இல்லை, பெல் கிராண்ட் 42 சதவீதம். இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஒரு வருடம் முன்பே திட்டமிட வேண்டும், கடைசி இரண்டு செமஸ்டருக்கும் தேவையான பாடங்களைப் பிரித்து வைக்க வேண்டும். இரண்டாம் வருடப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிநேரத்துக்குக் (6 கிரெடிட்) கீழே போனதும், பழைய அரசு லோன்களைத் திருப்பிக் கட்டத் தொடங்கும் முன் தரும் ஆறு மாத அவகாசமும் ஓடத் தொடங்கும். 2026 ஜூலை 1 முதல் இன்னொரு மாற்றம்: முழுநேரத்துக்குக் குறைவாகப் படித்தால் வருடாந்தர லோன் வரம்பும் அதே விகிதத்தில் குறையும். 9 கிரெடிட் எடுத்தாலும் லோன் முழுசாக வரும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

கோடையில் வீட்டுக்குப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுத்தால் செலவு குறைவு. பெல் கிராண்ட் அங்கேயும் வருமா?

ஒரே சமயத்தில் இரண்டு கல்லூரியில் பெல் கிராண்ட் வாங்க முடியாது. இரண்டு கல்லூரிக்கும் இடையே கன்சார்ட்டியம் ஒப்பந்தம் போட்டால் அந்தக் கிரெடிட்டையும் சேர்த்து உங்கள் பல்கலைக்கழகம் கணக்கிடலாம், அந்தப் படிவத்தைப் பதியும் முன்பே கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு மலிவான பாடம்தான் என்றால் கையிலிருந்து கட்டிவிடுவதே பல நேரம் எளிது. பாடம் உங்கள் பட்டத்தில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை போதாது.

நாங்கள் எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது). எந்தப் பாடம் எடுத்தால் அரசு உதவி கிடைக்கும்?

எந்தப் பாடமும் இல்லை, வருத்தம்தான். எச்-4, எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு அரசின் நிதியுதவி கிடையாது, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் உண்டு. உங்களுக்கு மிச்சமிருப்பவை கல்லூரியின் சொந்த உதவித்தொகையும் சில மாநில உதவிகளும். அவற்றிலும் பல முழுநேரப் படிப்பைக் கேட்கும், அதனால் கிரெடிட் எண்ணிக்கையை நீங்களும் கவனிக்கத்தான் வேண்டும்.

அக்கா, போன செமஸ்டர் நடுவில் அப்பா இறந்துவிட்டார். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தேன். இரண்டு பாடத்தில் எஃப். இப்போது உதவி நிறுத்தம் என்று மெயில் வந்திருக்கிறது. படிப்பை விடுவதைத் தவிர வழி தெரியவில்லை.

படிப்பை விடாதே அம்மா. உன் நிலைமைக்காகவே மேல்முறையீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், உறவினர் மரணம் என்று விதியிலேயே பெயர் சொல்லி இருக்கிறது. மெயிலில் கெடு தேதி இருக்கும், முதலில் அதைப் பார்.

கடிதம் ஒரு பக்கம் போதும். அவர்கள் தேடுவது இரண்டு விஷயம்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. முதலாவதற்கு இறப்புச் சான்றிதழும் விமான டிக்கெட்டும் வை, சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், துக்கத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள், படிக்கிறவருக்கு மனம் கனத்தாலும் ஒப்புதல் போடக் காரணம் கிடைப்பதில்லை. அட்வைசருடன் உட்கார்ந்து அடுத்த இரண்டு செமஸ்டருக்குப் பாடத்திட்டம் எழுது, தவறிய இரண்டையும் எப்போது திரும்ப எடுக்கிறாய் என்று அதில் இருக்கட்டும், அதையும் இணை. கவுன்சிலரைப் பார்க்கிறாய் என்றால் ஒரு வரி எழுது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்புக்கொண்டால் ஒரு செமஸ்டருக்கு உதவி திரும்ப வரும், அல்லது ஒரு திட்டம் போட்டுத் தருவார்கள், அதன்படி போகும் வரை வந்துகொண்டிருக்கும். அந்த செமஸ்டரில் கடினமான பாடங்களை ஒன்றாகக் குவிக்காதே, முடிக்க முடிந்ததை மட்டும் எடு. கடிதத்தை எழுதிவிட்டு அனுப்பும் முன் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.