ஸ்ட்ரோக் வந்து ஏழு மாசமா அசதி, மறுபடி வரப்போகுதோ?

இல்லம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இருக்கற அசதி அடுத்த ஸ்ட்ரோக்குக்கு முன்னறிவிப்பு கிடையாது. நீங்க ரெண்டு பக்கம் எழுதினாலும் கேக்க வந்தது அது ஒண்ணுதான்னு புரியுது. ஸ்ட்ரோக் மாசக்கணக்கா அசதி காட்டிட்டு வராது, திடீர்னு வரும், வாய் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குளறும், அது பத்து நிமிஷத்துல தானா சரியாப் போனாலும் படுத்துப் பாக்கலாம்னு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும்.

கை கால் நல்லா வந்துடுச்சு, ஆனா குளிச்சு சட்டை பட்டன் போட்டு முடிக்கறதுக்குள்ள கட்டில்ல சாஞ்சுடறாரு, சொந்தக்காரங்க சோம்பேறித்தனம்ங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. சோம்பேறித்தனம் இல்ல. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது உண்டு, லேசா வந்துட்டுப் போனவங்களுக்கும் வரும். முன்னாடி யோசிக்காம போட்ட பட்டனுக்கே இப்போ மூளை மெனக்கெட வேண்டியிருக்கு. சொல்றவங்க சொல்லட்டும், விடுங்க.

ஆனா கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டீங்க பாருங்க, குறட்டை ஜாஸ்தி ஆயிடுச்சு, நடுவுல மூச்சு நின்னு திணறி எந்திரிக்கறாருன்னு, மொத்த லெட்டர்லயும் எனக்கு முக்கியமாப் பட்டது அதுதான். ஸ்லீப் ஆப்னியாவா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குது, ஆக்சிஜன் இறங்குது, மூளை பதறி எழுப்பி விடுது, ராத்திரி பூரா இதே கதைன்னா எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின கணக்கே இல்ல. ஸ்ட்ரோக் வந்தவங்ககிட்ட இது ரொம்ப சகஜம், பிபியையும் ஏத்தும், மறுபடி ஸ்ட்ரோக் வர்ற ரிஸ்க்கையும் கூட்டும். இன்னிக்கு ராத்திரி அவர் தூங்கறத போன்ல வீடியோ எடுங்க, குறட்டை நிக்கற இடமும் திரும்ப திணறுற இடமும் அதுல வரணும், அத டாக்டர்கிட்ட காட்டி, தூக்கத்துல மூச்சு எப்படி இருக்குன்னு பாக்கற ஸ்லீப் ஸ்டடிங்கற டெஸ்ட்டைக் கேளுங்க. உறுதியானா மாஸ்க் வழியா காத்து குடுக்கற மெஷின் இருக்கு.

அடுத்தது, நெட்ல படிச்சுட்டு பிபி மாத்திரையை நிறுத்தினது. அசதியை விட பல மடங்கு ஆபத்தான காரியம் இது! சில பிபி மாத்திரை, ஃபிட்ஸ் மாத்திரை, தசை இறுக்கத்துக்கு குடுக்கறது எல்லாம் அசதி பண்ணும்தான், அதுக்கு வேற மாத்திரை மாத்தலாம், அளவக் குறைக்கலாம், ஆனா அத முடிவு பண்ண வேண்டியது எழுதிக் குடுத்த டாக்டரு, நீங்களோ யூடியூபோ இல்ல. நாளைக்கே போய் பிபி பாத்துட்டு அவரு சொல்றபடி திரும்ப ஆரம்பிங்க. அப்படியே ரத்தத்துல ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், சுகர், பி12 பாத்துடுங்க. எனர்ஜி பவுடர் வேண்டாம், இந்த அசதியைப் போக்கும்னு நிரூபிச்ச பவுடரும் இல்ல, டானிக்கும் இல்ல.

டிவி கூட பாக்காம சுவத்தையே பாத்துட்டு இருக்காருன்னா மனச்சோர்வாவும் இருக்கலாம், அதுக்கு வைத்தியம் இருக்கு, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. காலையிலயே குளியல், பிசியோ, வந்தவங்களோட பேச்சுன்னு அடுக்காதீங்க. ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கட்டும், அரை மணி நேரம் சாஞ்சுக்கட்டும், அப்புறம் பிசியோ. நடையை தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, தெம்பா இருக்குன்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் இழுத்துப் போட்டு செஞ்சா மறுநாள் எந்திரிக்க மாட்டாரு.