பேராதனை கிடைச்சா லண்டனுக்கு அவசரப்படாதீங்க, தங்கச்சி

பொகவந்தலாவ தங்கச்சியோட கேள்விய இப்பதான் பார்த்தேன். உயர்தரத்துல நல்ல இசட் ஸ்கோர் (பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி), நுவரெலியா மாவட்டக் கோட்டாவுல பேராதனைப் பல்கலைக்கழகத்துல சட்டம் கிடைக்கும் போல இருக்கு. ஆனா கண்டி ஏஜென்சி ஒண்ணு, இங்கிலாந்துல ஒரு வருஷம் பவுண்டேஷன்னு முன்தயாரிப்புப் படிப்பு, மூணு வருஷம் எல்எல்பி சட்டப் பட்டம், பிறகு அங்கயே லோயர்னு சொல்லுதாம். எந்த யுனிவர்சிட்டி நல்லது, குளிர் தாங்குமா, பார்ட் டைம் வேலை கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க.

குளிர விடுங்க. பொகவந்தலாவ மலையில வளர்ந்த பிள்ளை குளிரப் பத்திக் கேக்கலாமா? அரிசி, கருவாடு, மாசி எல்லாம் இங்க இங்கிலாந்துலயும் கடையில இருக்கு.

யுனிவர்சிட்டி பேரைப் பிறகு பார்ப்போம். எந்த நாட்டுக் கோர்ட்டுல நிக்கப் போறீங்க? அதை முதல்ல முடிவு பண்ணுங்க. எல்எல்பி எடுத்ததும் யாரும் லோயர் ஆகிறதில்ல, இலங்கையிலயும் சரி இங்கிலாந்துலயும் சரி. இங்கிலாந்துப் பட்டத்தைக் கொண்டுபோய் ஹட்டன் கோர்ட்டுல அப்படியே ஏற முடியாது. கொழும்பு புதுக்கடை சட்டக்கல்லூரிப் பரீட்சை, சீனியர் ஒருத்தர்கிட்ட ஆறு மாசப் பயிற்சி, உயர் நீதிமன்றத்துல சத்தியப்பிரமாணம், இத்தனையும் முடிச்சாத்தான் சட்டத்தரணி. எந்த வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்பாங்க, மேல என்ன எழுதணும்னு அந்தச் சட்டக்கல்லூரிய நடத்துற சட்டக் கல்விச் சபைகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. ஏஜென்சிக்காரன் வாயால சொல்றது செல்லாது.

இங்கிலாந்துலயே சொலிசிட்டர், அதாவது ஆபீஸ்ல இருந்து ஆலோசனை சொல்லி வழக்கு வேலை பார்க்கிற லோயர், ஆகணும்னா? 2021ல இருந்து எஸ்கியூஈன்னு சொலிசிட்டர் தகுதிப் பரீட்சை. முதல் பகுதியில மட்டும் 360 கேள்வி, ரெண்டாவது பகுதி எழுத்தும் வாய்மொழியும். அதோட ரெண்டு வருஷ சட்ட வேலை அனுபவம் காட்டணும். படிப்பு முடிஞ்ச பிறகு கிடைக்கிற கிராஜுவேட் விசா, 2027 ஜனவரியில இருந்து விண்ணப்பிக்கிறவங்களுக்கு 18 மாசம்தான். 24 மாச அனுபவம், 18 மாச விசா. கணக்கு உதைக்குது இல்லையா? இதை ஏஜென்சி சொல்லாது. அவனுக்குக் கமிஷன், நீங்க பீஸ் கட்டின அன்னைக்கே வந்திரும்.

இன்னொரு கதவு இருக்கு. இலங்கையில சட்டத்தரணி ஆகிட்டு வந்தா அந்த ரெண்டு வருஷ அனுபவத்தைக் கேக்க மாட்டாங்க. எஸ்கியூஈ பாஸ் பண்ணினாப் போதும். அதோட முதல் பகுதியை இங்கிலாந்துக்கு வெளியில இருக்கிற நிலையங்கள்லயும் எழுதலாம். அதனால பேராதனை கிடைச்சாக் கண்ண மூடிக்கிட்டுப் போங்க. நாலு வருஷம் இலவசப் படிப்பு. ஒருவேளை வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான குறைஞ்ச இசட் ஸ்கோர்) கைவிட்டா, திறந்த பல்கலைக்கழகம் இருக்கு, சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சை இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி எல்எல்பியையே வீட்டுல இருந்து படிக்கலாம்.

பரிஸ்டர், அதாவது கோர்ட்டுல வாதாடுற லோயர், ஆகுற மோகம்னா அதுக்கும் ஒரு வார்த்தை. விக், கவுன் போட்டு நம்ம ஆட்கள் பேஸ்புக்ல போடுற போட்டோவ நம்பாதீங்க. பார் கோர்ஸ்னு பரிஸ்டர் படிப்பு பாஸ் பண்ணினா அந்தப் போட்டோ கிடைக்கும். வழக்குப் பேசணும்னா பியூப்பிலேஜ்னு ஒரு வருஷப் பயிற்சி வேணும், இங்க பிறந்த பிள்ளைகளே அதுக்கு அல்லாடுறாங்க. போட்டோவோட நின்னவங்க எத்தனையோ பேர், ஊருல கல்யாணப் பத்திரிகையில மட்டும் பரிஸ்டர்.

நான் இங்கிலாந்துக்கு வந்தது 2010ல. அப்பாவோட சேமலாப நிதி, அம்மாவோட தோடு, சித்தப்பாவோட சீட்டுக் காசு, எல்லாம் சேர்த்து ஒரு ஏஜெண்டுகிட்ட கட்டினோம். காலேஜ்னு போய்ப் பார்த்தா, கோழிப் பொரியல் கடைக்கு மேல ரெண்டு ரூம், பிளாஸ்டிக் கதிரை, வாத்தியார் வர்ற நாள்ல வகுப்பு. ஒரு நாள் காலையில ஷட்டர் இறங்கியிருந்துச்சு, வெளிநாட்டு மாணவர எடுக்கிற லைசென்ஸ் ரத்துன்னு ஏ4 தாள் ஒட்டியிருந்துச்சு, டேப்பு ஒரு பக்கம் கழண்டு ஆடுச்சு. பிறகு வந்த கடிதத்துல 60 நாள்ல வேற இடம் தேடு, இல்லாட்டி நாட்டை விட்டுப் போன்னு இருந்துச்சு. தேடினேன். பெற்றோல் ஷெட் கல்லாவுல நின்னு படிச்சேன், சொலிசிட்டரும் ஆனேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல, பெருமைதான். ஆனா அந்தப் பாதையில இன்னொரு தோட்டத்துப் பிள்ளை நடக்கத் தேவையில்ல. பார்ட் டைம் வேலையா? பட்டப்படிப்புன்னா படிப்பு நாள்ல வாரத்துக்கு 20 மணித்தியாலம், தனியாப் படிக்கிற பவுண்டேஷன்னா 10தான், அதுக்கு மேல ஒரு மணித்தியாலமும் வேணாம். கணக்குல காட்டாமக் கையில காசு தர்றேன்னு கூப்பிடுறவர் நம்ம ஆளாவே இருப்பார், மாட்டினா முதல்ல உங்களத் தெரியாதும்பார்.

இங்க தமிழ் ஆட்கள் கண்டதும் எந்த இடம்னு கேப்பாங்க. ஹட்டன்னு சொன்னா சிலருக்குக் குரல் ஒரு படி இறங்கும், தோட்டப் பக்கமோன்னு. அவங்களக் கூட மன்னிச்சிருவேன். மஸ்கெலியாவுல தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீட்டுல) பிறந்துட்டு ‘கண்டி டவுன்’னு சொல்லிக்கிற நம்ம ஆட்களப் பார்த்தாத்தான் எனக்கு எரியும்.

எங்க தாத்தா, இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரோட பிரஜாவுரிமையைப் பறிச்ச 1948 சட்டத்தால நாடில்லாம ஆனவர், பிரஜையானது அதைத் திருப்பித் தந்த 2003 சட்டம் வந்த பிறகு. ஆபீஸ் கடுதாசி எது வந்தாலும் டிக்கோயாவுல பெட்டிஷன் எழுதுறவர்கிட்டப் போய்க் குந்தியிருப்பார். அவர் இங்கிலீஷ்ல என்ன எழுதினாலும் தலையாட்டிட்டுக் காசு குடுத்துட்டு வருவார். நம்ம ஆட்களோட வாக்குரிமைக்காகப் போட்ட கோடாக்கன்பிள்ளை வழக்கு 1953ல, அப்ப இலங்கைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில்ல தோத்தது, இதே லண்டன்லதான். சட்டம் படிக்கிறப்ப அந்தத் தீர்ப்பை வாசிச்சேன், சுத்தமான இங்கிலீஷ், ஒரு இடத்துலயும் கோபமில்ல. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல. வீட்டுக் காணி உறுதிக்கும் சேமலாப நிதிக்கும் இப்பவும் நம்ம சனம் லோயர் தேடி அலையுது, தமிழ்ல பேசி வெளங்கப்படுத்துற லோயரா.

வெட்டுப்புள்ளி வந்ததும் எழுதுங்க. அதுவரைக்கும் ஏஜென்சிக்கு ஒரு சதமும் கட்டாதீங்க, பாஸ்போர்ட்டையும் குடுத்து வைக்காதீங்க.