ஆஃப்ரோடு டிரிப்புக்கு பெரிய பிக்கப் டிரக்கை ரெடி பண்ண என்னென்ன மாட்டணும்? எதுல முதல்ல காசு போடணும்?

ஃபுல் சைஸ் பிக்கப் எடுத்து குடும்பத்தோட ராஜஸ்தான் மணல், லடாக், மலைப்பாதைன்னு சுத்தணும், விஞ்ச் (கயிறைச் சுத்தி புதைஞ்ச வண்டியை இழுக்கிற மோட்டார்), ரூஃப் டென்ட், ஸ்டீல் பம்பர்னு ஒரு லிஸ்ட் போட்டு எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்ருக்கீங்க. நான் காரைக்குடி பக்கம், ஐசுசு வி-கிராஸ் பிக்கப் வச்சிருக்கேன், நாலஞ்சு சிநேகிதங்க வண்டிய ரெடி பண்ணும்போது கூடவே பட்டறையில நின்னிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன், உங்க லிஸ்ட்ல ஒரு சாமான் கூட வாங்குறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க. பிக்கப்பைக் கெடுக்கிறது பாறையும் இல்ல மணலும் இல்ல, நாமளே அது மேல ஏத்துற பாரம்தான்.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்குவோம். அமெரிக்காவுல ஃபுல் சைஸ்னா ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 மாதிரி வண்டிங்க, டபுள் கேப் (நாலு கதவு, ரெண்டு வரிசை சீட்டு) மாடல் 5.8 மீட்டர் பக்கம் நீளம், கண்ணாடியை விட்டுட்டே ரெண்டு மீட்டர் அகலம். இங்க ஷோரூம்ல போய் எடுக்கிற மாதிரி இருக்கிற ஐசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ரெண்டும் 5.3 மீட்டர் கிட்ட, அவங்க கணக்குல அது மிட் சைஸ். நீங்க யூடியூப்ல பாக்குற செட்டப் எல்லாம் அந்தப் பெரிய வண்டிக்குப் போட்டது, அதை அப்படியே இங்க இருக்கிற வண்டியில ஏத்தினா தாங்காது. இதை யாரும் சொல்றதில்லைங்கிறதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

கணக்கு சுலபம்தான். உங்க ஆர்சியிலயோ மேனுவல்லயோ வண்டியோட மொத்த அனுமதி எடை இருக்கும், அதுல காலி வண்டி எடையைக் கழிங்க, மிச்சம் இருக்கிறதுதான் உங்களுக்கு. அதுக்குள்ளதான் நீங்க, வீட்டுல இருக்கவங்க, பிள்ளைங்க, தண்ணி, டீசல் கேன் எல்லாமே அடங்கணும். இப்ப பாருங்க, ஸ்டீல் பம்பரும் விஞ்சும் சேர்ந்து 80, 90 கிலோ, ரூஃப் டென்ட் 60, பின்தொட்டி மேல மாட்டுற மூடி, அதாவது கேனப்பி 60, டிராயர் செட் 60, ஃப்ரிட்ஜ் சாமானோட 30, தண்ணி 60 லிட்டர்னா அதுவே 60 கிலோ, இருவது லிட்டர் டீசல் 17 கிலோ, கேன் எடை தனி. இதோட நாலு பேர் ஏறினா 650 கிலோவைத் தொட்டுரும். இன்னும் துணிமணி, அடுப்பு, டூல்ஸ் எதுவும் ஏத்தல. குடும்ப வண்டியா விக்கிற டபுள் கேப்ல பெரும்பாலும் இது அடங்காது.

இதை பேப்பர்ல போட்டுப் பாத்தா மட்டும் போதாது, எடைமேடைக்குப் போங்க. எங்க பக்கம் ரைஸ் மில் கிட்ட, செங்கல் சூளை ரோட்டுலன்னு எங்க பாத்தாலும் எடைமேடை இருக்கு, உங்க ஊர்லயும் இருக்கும், காசும் பெருசா ஆகாது. டேங்க் ஃபுல் பண்ணி, டிரிப்புக்கு ஏத்துற எல்லாத்தையும் ஏத்தி, ஆளுங்களையும் உக்கார வச்சு மொத்த வண்டியையும் ஒரு தடவ போடுங்க, அடுத்து முன்சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு தடவ போடுங்க. மொத்தத்துல இருந்து முன்பக்கத்தைக் கழிச்சா பின் ஆக்சில் எடை வந்துரும். நிறைய பேருக்கு மொத்த எடை சரியா இருக்கும், ஆனா பின் ஆக்சில் லிமிட் தாண்டியிருக்கும், ஏன்னா பிக்கப்ல நாம எதை வச்சாலும் பின்னாடிதான் வைக்கிறோம்.

எங்க ஐயா மாட்டுவண்டி வச்சிருந்தவர். மூட்டை அடுக்கும்போது முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்து புண்ணாகும், பின்பாரம் ஆனா நுகத்தடி தூக்கிரும்னு சொல்லிக்கிட்டே அச்சுக்கு நேரா அடுக்குவார். பிக்கப்புக்கும் அதே கதைதான். பின் அச்சுக்கு அங்கிட்டு, டெயில்கேட் ஓரமா ரெண்டாவது ஸ்டெப்னி, தண்ணி கேன், ஜெனரேட்டர்னு வச்சீங்கன்னா முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், மழையில பிரேக் அடிச்சா முன்டயர் பிடிப்பு இல்லாம வழுக்கும். கனமான சாமான் எல்லாம் கேபினை ஒட்டி, கீழ, அச்சுக்கு முன்னாடி வரணும். தண்ணி டேங்க்கு பின்சீட்டுக்குப் பின்னாடி சுவத்தோட ஒட்டி வர்ற மாதிரி தட்டையா செஞ்சு வச்சா ரொம்ப நல்லது.

எடை தெரிஞ்சப்புறம்தான் சஸ்பென்ஷன். பின்னாடி இருக்கிறது லீஃப் ஸ்பிரிங், அந்தப் பட்டையை எப்பவும் ஏத்தி வச்சிருக்கிற பாரத்துக்கு ஏத்த மாதிரி எடுக்கணும், ஒரு நாள் ஏத்துற பாரத்துக்கு இல்ல. காலியா ஓட்டுற வண்டிக்கு 300 கிலோ தாங்குற பட்டை போட்டா முதுகெலும்பு போயிரும். சிலபேர் பட்டை இறங்குதுன்னு சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல காத்தடைச்ச ரப்பர் பை, அதாவது ஏர் பேக் வைக்கிறாங்க, நீளமா பின்பாரம் ஏத்துற டபுள் கேப்புக்கு அதை நான் சொல்லவே மாட்டேன். லீஃப் ஸ்பிரிங் பாரத்தை முன்னாடி ஒரு இடம் பின்னாடி ஒரு இடம்னு ரெண்டு இடத்துல சேசிஸ்ல இறக்குது, ஏர் பேக் நடுவுல ஒரே இடத்துல தூக்குது, பள்ளத்துல விழுந்து எழும்போது அந்த இடத்துலதான் சேசிஸ் வளையும். ஆஸ்திரேலியாவுல இப்படி முதுகு வளைஞ்ச வண்டிங்க போட்டோ தேடினா நிறைய கிடைக்கும், பாத்தா வயிறு கலங்கும். வண்டியை உயர்த்துற லிஃப்ட் போடுறதா இருந்தா 40, 50 மில்லிமீட்டரோட நிறுத்திக்கோங்க, அதுக்கு மேல போனா முன்னாடி டிரைவ் ஷாஃப்ட் கோணம் கெட்டு அதோட ரப்பர் உறை (பூட்) கிழியும்.

காசை முதல்ல எதுல போடணும்னு கேட்டீங்கல்ல, டயர்ல போடுங்க. தார் ரோடு, மண் ரோடு ரெண்டுக்கும் ஆகுற நல்ல ஆல் டெரெய்ன் போதும், சேத்துக்குன்னே செய்ற மட் டெரெய்ன் வேணாம், உங்க டிரிப்ல தொண்ணூறு சதவீதம் தார் ரோடுதான் இருக்கும், மட் டயர் சத்தமும் போடும், ஈர ரோட்டுல பிடிப்பும் கம்மி. எங்க ஊர்ல டயர் தேர்வு பண்றதே சீமைக்கருவேல முள்ளுதான். கோடையில கம்மாய் வத்தினதும் உள்ள வண்டித்தடம் விழும், ரெண்டு பக்கமும் கருவேலம், வெட்டிப் போட்ட விறகுக் கிளை தடத்துலயே கிடக்கும். அந்த முள்ளு டிரெட்ல ஏறினா பிரச்சனை இல்ல, பக்கவாட்டுல ஏறினாதான் டயர் போச்சு, சைடுவால் ஓட்டையை பிளக் வச்சு நம்பி ஓட்ட முடியாது. அதனால எல்டி (லைட் டிரக்) வகை, சைடுவால் கனமா இருக்கிற டயரா பாருங்க. முள்ளு ஏறின டயரைப் பாத்ததும் உடனே பிடுங்கிறாதீங்க, முள்ளே ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கும். சோப்புத் தண்ணியை பாட்டில்ல ஊத்தி அடிங்க, எங்க குமிழி சின்னச் சின்னதா பொங்குதோ அதுதான் உள்ள இறங்கின முள்ளு, மத்ததெல்லாம் ரப்பரோட நின்னிருக்கும். பிளக்கும் ஊசியும் கையில ரெடியா வச்சுக்கிட்டு, அப்புறம் குறட்டால பிடுங்குங்க.

டயருக்கு அடுத்தது காத்து. இது ரொம்ப முக்கியம், எத்தனையோ பேர் 50,000 ரூபாய்க்கு விஞ்ச் மாட்டிட்டு ஒரு நல்ல கம்ப்ரஸர் இல்லாம வர்றாங்க. ரோட்டுல 34 பிஎஸ்ஐ ஓட்டுற டயரை கல்லு ரோட்டுக்கு 25, மணலுக்கு 16, 18னு இறக்கினா டயர் முன்னும் பின்னுமா நீளமா படியும், பாரம் பரவும், புதைஞ்சு நின்ன வண்டி தானா ஏறி வந்துரும். அப்படி இறக்கிட்டா 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதீங்க, சடார்னு திருப்பாதீங்க, ரிம்ல இருந்து டயர் கழண்டுரும். தார் ரோடு வந்ததும் திரும்ப ஏத்தணும், அதுக்குத்தான் கம்ப்ரஸர், பேட்டரியில நேரா கிளிப் போடுற மாடலா வாங்குங்க, சிகரெட் லைட்டர்ல சொருகுறது இவ்வளவு பெரிய டயருக்குத் தாங்காம ஃபியூஸ் போகும்.

ரெக்கவரி சாமான்ல நான் கெஞ்சிக் கேட்டுக்கிறது ஒண்ணே ஒண்ணு. பின்னாடி டிரெய்லர் இழுக்கிற உருண்டை இருக்குல்ல, அந்த டோ பால், அதுல எந்தக் காரணத்தைக் கொண்டும் இழுவைக் கயிறு மாட்டாதீங்க. இழுக்கிற வேகத்துல அது முறிஞ்சா துப்பாக்கிக் குண்டா பறந்து வரும், ஆளுங்க செத்திருக்காங்க. சேசிஸ்ல போல்ட் போட்ட, டன் கணக்கு பொறிச்ச ரெக்கவரி பாயின்ட் முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணு, ஒரு கைனெட்டிக் கயிறு (இழுத்தா நீளுற கயிறு), ரெண்டு சாஃப்ட் ஷேக்கிள் (கயிறை வண்டியோட கோக்கிற கயிறு வளையம்), மண்வெட்டி, டிராக்‌ஷன் போர்டு (புதைஞ்ச டயருக்கு அடியில வைக்கிற பலகை) ஒரு ஜோடி, இது போதும் முதல் வருஷத்துக்கு. கயிறு இழுபடும்போது சுத்தி நிக்கிற பிள்ளைங்களை கயிறு நீளத்துக்கு ஒண்ணரை மடங்கு தூரம் தள்ளி நிறுத்துங்க, போட்டோ எடுக்கிறவரையும்தான். விஞ்ச் தனியா போறவங்களுக்குத்தான் வேணும், போட்டா வண்டியோட மொத்த எடைக்கு ஒண்ணரை மடங்கு இழுக்கிறது, சிந்தெடிக் கயிறு. ஸ்டீல் ரோப்பை விட நல்லா எடை குறையும், அறுந்தாலும் அந்த அளவுக்கு வெட்டாது.

ஜாக்கிக்கு அடியில வைக்க ஒரு பலகை கட்டாயம் வேணும், மண்ணுல ஜாக்கி இறங்கிரும். இடிச்ச வீட்டுல இருந்து வர்ற பர்மா தேக்குத் துண்டு காரைக்குடி பழைய சாமான் கடைங்கள்ல கிடைக்கும், ஒரு அடிக்கு ஒரு அடி வாங்கி வச்சிருக்கேன், மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகல.

பேட்டரி விஷயத்துக்கு வருவோம், 1948-ல நேரு அடிக்கல் நாட்டின சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரன், பேட்டரியும் துருவும் பேசாம விடமாட்டேன். ஃப்ரிட்ஜ் வச்சா ரெண்டாவது பேட்டரி வேணும், ஸ்டார்ட்டிங் பேட்டரியில ஓட்டினா காலையில வண்டி கிளம்பாது. 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயன் பாஸ்பேட் ஒண்ணு கிட்டத்தட்ட 1,280 வாட் அவர் தரும், 12 கிலோ பக்கம்தான் எடை, அதே அளவு லெட் ஆசிட் 30 கிலோ பக்கம் வந்து பாதிதான் பயன்படும். எடைக் கணக்கு இங்கயும் வருது பாருங்க. ஆனா லித்தியத்தை பானட்டுக்குள்ள வைக்காதீங்க, இஞ்சின் சூடு அதுக்கு ஆகாது. புது வண்டிங்கள்ல ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் தானா ஏறி இறங்கும், அதனால வோல்டேஜை சீராக்கிக் கொடுக்கிற டிசி டு டிசி சார்ஜர் வச்சுத்தான் ஏத்தணும். ஒயர் கிளம்புற இடத்துலயே, பேட்டரியில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும், இதுல மட்டும் எலக்ட்ரீஷியன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதீங்க. துரு என்னன்னா, தனுஷ்கோடி பக்கம் போயிட்டு வந்தா அன்னைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணியில அடிச்சுக் கழுவுங்க, சேசிஸ் பொட்டிக்குள்ளயும் பைப்பை விட்டு.

சமையலுக்கு பெரிய ஸ்லைடு கிச்சன் எல்லாம் வேணாம்னு நினைக்கிறேன். ஒத்தை பர்னர், அஞ்சு கிலோ சிலிண்டர், ஒரு இரும்பு தோசைக்கல், எவர்சில்வர் தூக்கு ரெண்டு. சீப்புச்சீடை, மாவுருண்டை, கைமுறுக்குன்னு வீட்டுப் பலகாரம் டப்பாவுல அடைச்சிட்டா ஃப்ரிட்ஜும் வேணாம், லடாக் வரைக்கும் கெடாம வரும், பிள்ளைங்க பசின்னு கேட்டா வண்டியை நிறுத்தவும் வேணாம். தண்ணி ஆளுக்கு நாளைக்கு அஞ்சு லிட்டர் கணக்கு.

சட்ட விஷயம் சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு. புல் பார், கிராஷ் கார்டு வைக்கக் கூடாதுன்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாச்சு, அது நடந்து போறவங்களை கொல்லும், விபத்துல ஆளைக் காப்பாத்துற ஏர் பேக்கோட சென்சாரையும் குழப்பும். அதனால உங்க லிஸ்ட்ல இருக்கிற ஸ்டீல் பம்பரை அடிச்சிருங்க, 50 கிலோவும் மிச்சம். டயர் சைஸ் கம்பெனி அதே மாடல்ல கொடுக்கிற சைஸோட நிறுத்துங்க, இன்சூரன்ஸுல எழுத்து மூலமா கேட்டு வாங்கிக்கோங்க.

பழகுறதுக்கு ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டியதில்ல, சித்திரை வைகாசியில வத்தின கம்மாய் போதும், ஊர்ல பெரியவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. கரை மேலயும் கலுங்கு மேலயும் ஏத்தாதீங்க, மழை பேஞ்சா அந்த டயர் தடத்துலதான் கரை உடையும், அதை நம்பி வயல் இருக்கு. வேட்டங்குடி மாதிரி பறவை வர்ற கம்மாய் பக்கமே போகாதீங்க, கொக்கு நாரைக்காக தீபாவளிக்கே வெடி போடாம இருக்கிற ஜனங்க அவங்க. தேரிக்காட்டு மணலைப் பாத்ததும் ஆசை வரும், குதிரைமொழித் தேரி ரிசர்வ் ஃபாரஸ்ட், அங்கயும் வேணாம்.

இப்போதைக்கு வண்டி எடுத்ததும் எதுவும் மாட்டாம, டயரும் கம்ப்ரஸரும் கயிறும் மட்டும் வச்சு ஒரு சின்ன டிரிப் போயிட்டு வாங்க. அப்புறம் எடைமேடைச் சீட்டு ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க, முன்பக்கம் பின்பக்கம் எண்ணைப் பாத்து எந்தப் பட்டை எடுக்கலாம்னு சொல்றேன்.