'.38 ஸ்பெஷலும் போடலாம்' என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. துப்பாக்கிச் சந்தை ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி ரிவால்வர் பார்த்தேன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. பேரலில் '38 எஸ் அண்ட் டபிள்யூ' என்று இருக்கிறது. .38 ஸ்பெஷலும் போடலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும் என்கிறார் விற்பவர். போர்க்காலப் பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று ஆசை, அவ்வப்போது ரேஞ்சில் சுடவும் வேண்டும். இதை வாங்கலாமா, பேசாமல் .357 மேக்னம் எடுத்துவிடவா?

பதில்: சுடுவதற்கு .357 எடுங்கள். சேர்த்து வைப்பதற்கு யாரும் கை வைக்காத விக்டரியை எடுங்கள். இரண்டும் ஒன்றிலேயே வேண்டும் என்று போகிறவர்களின் தலையில்தான் இந்த 'ஸ்பெஷலும் போடலாம்' சரக்கைக் கட்டுகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். இவை தோட்டாவின் பெயர்கள். .38 எஸ் அண்ட் டபிள்யூ வேறு, .38 எஸ் அண்ட் டபிள்யூ ஸ்பெஷல் வேறு. முன்னது குட்டை, கொஞ்சம் தடிமன். அதன் கூடு, அதாவது மருந்தை அடைத்துக் குண்டைச் செருகியிருக்கும் உலோக உறை, 19.7 மில்லிமீட்டர் நீளம். பின்னது ஒல்லி, 29.3 மில்லிமீட்டர். குண்டின் விட்டமும் ஒன்றில்லை: முன்னதற்கு .361 அங்குலம், பின்னதற்கு .357 அல்லது .358. ஆக '.38' என்று விற்கிற இரண்டுமே .38 இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக இப்படியே விற்கிறார்கள், பெட்டியில் பெரிய எழுத்தில் 'இது அது இல்லை' என்று அச்சிட இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை. .357 மேக்னம் மட்டும்தான் ஒழுங்காக யோசித்துச் செய்யப்பட்டது. ஸ்பெஷலின் கூட்டையே மூன்றரை மில்லிமீட்டர் போல நீட்டினார்கள், அதனால் .357 ரிவால்வரில் ஸ்பெஷலைத் தாராளமாகச் சுடலாம், ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் உள்ளேயே போகாது.

இப்போது உங்கள் விக்டரிக்கு வருவோம். அமெரிக்கா 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவால்வர்களை பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளி நாடுகளுக்கும் அனுப்பியது, பெரும்பாலும் 5 அங்குல பேரல், குட்டைத் தோட்டா. போர் முடிந்து 1950, 60களில் அவை மலிவு விலைக்குத் திரும்பி வந்தன. இங்கே குட்டைத் தோட்டாவை யார் வாங்குவார்கள்? வியாபாரிகள் தோட்டா உட்காரும் சிலிண்டர் அறைகளை முன்பக்கமாகக் குடைந்து நீட்டி, பேரலை வெட்டி, சிலதுக்கு நிக்கல் முலாமும் பூசி '.38 ஸ்பெஷல்' என்று விற்றுவிட்டார்கள். நீளத்தைக் கூட்டலாம், ஏற்கெனவே அகலமாக இருக்கிற பின்பகுதியைச் சுருக்க முடியுமா? ஒல்லிக் கூடு அந்த இடத்தில் வெடிப்பின் அழுத்தத்தில் உப்புகிறது, சில சமயம் நீளவாக்கில் பிளக்கிறது. குண்டும் அகலமான பேரலில் தளர்வாகப் போகும், குறி சரியாக விழாது. 'நான் எத்தனையோ பெட்டி சுட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். சரி, சுட்ட கூடுகளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாய்ஜாலம் முழுக்க அதை வைத்துத்தான். அமெரிக்கக் கடற்படைக்குப் போன விக்டரி 4 அங்குல பேரலுடன், தொழிற்சாலையிலேயே .38 ஸ்பெஷலாகச் செய்யப்பட்டது. அதில் ஸ்பெஷல் போடுவதில் தப்பே இல்லை. அதனால் 'விக்டரியா? ஸ்பெஷல்தானே' என்று ஆரம்பிப்பார்கள். மேலே 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி' என்று பொறித்திருக்கிறதே என்று காட்டுவார்கள். பிரிட்டனுக்குப் போனதிலும் அது உண்டு, அமெரிக்கச் சொத்தாகத்தான் அனுப்பினார்கள். 4 அங்குலம்தான் என்பார்கள். 5 அங்குலத்தை வெட்டினால் 4 அங்குலம் வராதா? குறி பார்க்கப் பேரல் நுனியில் இருக்கும் முன்குறி பேரலோடு ஒன்றாக இருக்கிறதா, பிறகு ஒட்டவைத்ததா என்று பாருங்கள். பேரலின் வலப்பக்கம் 'ஸ்பெஷல்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பேரலிலோ சிலிண்டரிலோ '.38 .767' என்றும் பக்கத்தில் '3½ டன்' என்றும் குட்டி எழுத்தில் முத்திரை இருந்தால் அது பிரிட்டிஷ் சோதனை முத்திரை. .767 என்பது அங்குலத்தில் கூட்டின் நீளம், அதாவது குட்டைத் தோட்டா. நீங்கள் பார்த்ததில் 'ஸ்பெஷல்' என்ற சொல்லே இல்லை, ஆக அது கடற்படை விக்டரி இல்லை.

மிச்சம் ஒரு சோதனைதான். துப்பாக்கி காலி என்று நீங்களே பார்த்துக்கொண்டு, சிலிண்டரைத் திறந்து .38 ஸ்பெஷல் டம்மி (மருந்தில்லாத போலித் தோட்டா) ஒன்றை அறைக்குள் விடுங்கள். கை படாத குட்டைத் தோட்டா விக்டரியில் அது பாதியில் நின்றுவிடும். முழுதாக இறங்கினால் குடைந்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியும்: அசல் அறையில் பின்விளிம்பிலிருந்து முக்கால் அங்குலத்தில் ஒரே ஒரு படி இருக்கும், குடைந்ததில் அந்தப் படி ஓர் அங்குலத்தைத் தாண்டிப் போயிருக்கும், பழைய இடத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆறு அறையையும் பாருங்கள்.

'தொழிற்சாலைக் கடிதம் இருக்கிறது' என்று இணைய ஏலத் தரகர்கள் காசு ஏற்றுவார்கள். கடிதம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளோடு முடிகிறது, அப்புறம் யார் குடைந்தார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எச்-1பி விசாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டத்தில் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. சுடத் தெரியுமா என்று கேட்காத சட்டம் மான் வேட்டைக்குச் சீட்டு வாங்கினாயா என்று கேட்கிறது, என்ன செய்வது. வக்கீலிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

.357 வாங்கி அதில் பெரும்பாலும் ஸ்பெஷலே சுடப் போகிறீர்கள் என்றால், அறையின் உள்ளே கூடு முடிகிற இடத்தில் கருப்பு வளையமாகக் கரி சேரும். பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மேக்னம் போடும்போது மாட்டும். கை படாத விக்டரி கிடைத்தால் அதற்குக் குட்டைத் தோட்டா இன்னும் தயாராகிறது, 145 அல்லது 146 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயக் குண்டோடு. விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது. ஒரு பெட்டி வாங்கிவைத்து எப்போதாவது சுடுங்கள். வரிசை எண் 'எஸ்.வி.' என்று ஆரம்பிக்காமல் வெறும் 'வி'யோடு இருந்தால், சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுங்கள். கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் புதிய பாகம் 1944 கடைசிக்குப் பிறகுதான் வந்தது.